பதில் வராத வளைவு

குழம்பில் உப்பு கூடிவிட்டது என்று மனைவியோடு சண்டை போட்டு, சாப்பிட்ட கையோடு வீட்டை விட்டுக் கிளம்பியவர் உத்திராபதி. வந்து சேர்ந்த இடத்தில் காற்றிலேயே உப்பு. இலையை நக்கினால் உப்பு. மீசையை நக்கினால் உப்பு. எப்போதாவது கண்ணில் தண்ணீர் வந்தால், அது ஒன்றுதான் அங்கே கொஞ்சம் சப்பென்று இருந்தது.

அது அலையாத்திக் காடு. ஆறு நடந்து நடந்து களைத்து, கால் காலாகப் பிரிந்து கடலுக்குள் விழுகிற இடம். தரை எது, தண்ணீர் எது என்று அங்கே காலையில் சொன்னதை மாலையில் மாற்றிச் சொல்ல வேண்டியிருக்கும். தண்ணீர் ஏறினால் மரங்கள் இடுப்பு முழுகக் குளித்துக்கொண்டு நிற்கும். இறங்கினால் சேற்றிலிருந்து மூச்சு வேர்கள் விரல் விரலாக நீட்டிக்கொண்டிருக்கும், கீழே புதைந்து கிடக்கிற ஒரு கூட்டம் கையை மட்டும் வெளியே காட்டுவது மாதிரி.

காப்புக்காடு என்று அரசாங்கம் ஒரு பலகை நட்டிருந்தது. பலகைக்குப் பின்னால் ஒரு திட்டு. திட்டில் ஒரு குடிசை. குடிசையில் சேற்றுச்சாமி.

பலகை வருவதற்கு முன்பே சாமி அங்கே இருந்தார். பறவைக் கணக்கெடுக்க வந்த காட்டிலாகாக்காரர்கள் தூரத்திலிருந்து பார்த்து அவரையும் நாரையோடு சேர்த்து எழுதிவிட்டார்கள், பறவையை எப்படிக் காலி செய்யச் சொல்வது என்று விட்டுவிட்டார்கள் என்று ஒரு பேச்சு. ஒரு காலைச் சேற்றில் ஊன்றிக்கொண்டு மறு காலைத் தூக்கி அவர் கழுவுவதைப் பார்த்தவர்கள் அதை நம்பினார்கள்.

சாமிக்கு நாற்பது வயது இருக்கும். சீடராய் வந்து சேர்ந்த உத்திராபதிக்கு அறுபது தாண்டிவிட்டது. ஆனாலும் அந்தக் காட்டில் நண்டு பிடிக்கிறவர்களும் மீன் பிடிக்கிறவர்களும் உத்திராபதியைத்தான் ‘சின்னச்சாமி’ என்று கூப்பிட்டார்கள்.

வந்த அன்றைக்குச் சாமி அவருக்கு ஒன்றே ஒன்றைச் சொல்லிக்கொடுத்தார். தியானம் இல்லை. மந்திரம் இல்லை. வளைவில் குரல் கொடுப்பது.

காட்டுக்குள் வாய்க்கால்கள் ஒரு தோணி நுழைகிற அகலம்தான். இரண்டு பக்கமும் கண்டல் மர வேர்கள் வில்லாய் வளைந்து சுவர் கட்டியிருக்கும். வளைவுக்கு அந்தப் பக்கம் என்ன வருகிறது என்று கடவுளுக்கே தெரியாது. அதனால் ஒவ்வொரு வளைவுக்கும் முன்னால் கழி ஊன்றுவதை நிறுத்திவிட்டு, “ஓ... ஓய்!” என்று நீளமாக ஒரு குரல் கொடுக்க வேண்டும். எதிரே தோணி வந்தால் அதுவும் குரல் கொடுக்கும்.

“எதிர்க்குரல் வந்தால் என்ன செய்வது சாமி?” என்று உத்திராபதி கேட்டார்.

“சுமையோடு வருகிற தோணிக்கு வெறுந்தோணி வழிவிட வேண்டும். வேருக்குள் ஒதுங்கி நிற்க வேண்டும்.”

“வராவிட்டால்?”

சாமி வளைவோரம் நின்ற ஒரு கண்டல் மரத்தைக் காட்டினார்.

“அவரைக் கேளும். உப்பு வியாபாரி. மரியாதை தெரிந்த மனுஷன். இந்த வளைவுக்கு வந்து குரல் கொடுத்தார். பதில் வரவில்லை. ஒருவரும் வா என்று சொல்லாத இடத்துக்குள் எப்படி நுழைவது என்று காத்திருந்தார். தண்ணீர் இறங்கியது, ஏறியது. தோணிக்கு அடியில் சிப்பி ஒட்டியது. தலைப்பாகையில் வக்காக் கொக்கு கூடு கட்டியது. அக்குளில் தேனீ கட்டியது. முதலில் கால் மரத்தது. பிறகு இடுப்பு.”

“அப்புறம்?”

“அப்புறம் என்ன, போன வருஷம் பூத்தார்.”

உத்திராபதி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். அந்தக் காட்டில் அவர் அப்படிச் சிரித்தது அதுதான் முதலும் கடைசியும்.

சாமி நினைத்தால் தோணியை எடுத்துக்கொண்டு காட்டுக்குள் போய்விடுவார். போனால் எப்போது வருவார் என்று சொல்லமாட்டார். திட்டில் உத்திராபதி மட்டும் இருப்பார்.

சாயங்காலம்தான் மோசம். கொக்குகள் வரிசை வரிசையாக வந்து அதனதன் கிளையில் இறங்கும். எந்தப் பறவையும் தப்பான கிளையில் இறங்குவதில்லை. நீர்நாய்க் குடும்பம் ஒன்று, அம்மா முன்னே, குட்டிகள் பின்னே, கடைசியில் தகப்பன் என்று வாய்க்காலைக் கடக்கும். தண்ணீர் வடிந்த சேற்றில் சின்னச் சின்ன நண்டுகள் வளை வாசலில் நின்று, பெரிதாக இருக்கிற ஒற்றைக் கொடுக்கை வா வா என்று ஆட்டும். உத்திராபதி எழுந்து ஓரடி வைத்தால் அத்தனையும் வளைக்குள் ஓடிவிடும். சேற்றுக்கு மட்டும் ‘பொட்டு பொட்டு’ என்று ஒரு சத்தம் உண்டு. யாரோ வாயைத் திறந்து ஏதோ சொல்ல வந்து, வேண்டாம் என்று மூடிக்கொள்வது போல.

ஒரு நாள் சோற்றில் கை வைத்தவர், பழக்க தோஷத்தில், “தையலு, மோர் ஊத்து” என்றார்.

கூரை மேல் உட்கார்ந்திருந்த மீன்கொத்தி பறந்து போயிற்று.

அவர் மோர் இல்லாத சோற்றைப் பிசைந்து சாப்பிட்டார்.

சாமி திரும்பி வந்ததும் உத்திராபதி கேட்டார்.

“சாமி, இந்தத் திட்டில் தனியாக எப்படி இருந்தீர்கள்?”

“எனக்குத் தெரியாது. நான் தனியாக இருந்ததில்லை.”

“நான் வருவதற்கு முன்னால் இங்கே வேறு யார் இருந்தது?”

“கொசு.”



இப்படியே மூன்று மழைக்காலம் போயிற்று. நான்காவதும் வடக்கே மேகத்தைச் சேர்த்துக்கொண்டிருந்தது. மழை பிடித்துவிட்டால் ஆற்று வெள்ளம் இறங்கும். வாய்க்கால்கள் கலங்கி, வேரும் மரமும் அடித்துக்கொண்டு வரும். தை பிறக்கும் வரை காட்டுக்குள் தோணி நுழையாது. இன்னொரு மழையை அந்தக் குடிசைக்குள் உட்கார்ந்து கேட்க உத்திராபதிக்கு மனம் இல்லை.

நண்டு பிடிக்கிற செங்கமலம் அவருடைய ஊரில், அவருடைய தெருவில்தான் நண்டு விற்பாள். வெட்கத்தை விட்டு அவளிடம் ஒரு நாள் சொன்னார்.

“எங்க வீட்டம்மாகிட்ட ஒரு வார்த்தை கேட்டுப் பாரு. மழைக்கு முன்னாடி நான் வரலாமான்னு.”

“இந்த ஒரு வார்த்தையைக் கேக்க மூணு வருசமா சின்னச்சாமி?” என்றாள் செங்கமலம். சொல்லிவிட்டுக் கழியை ஊன்றிப் போய்விட்டாள்.

அடுத்த நடையில் அவள் தோணி தெரிந்ததும் உத்திராபதி முழங்கால் சேற்றில் இறங்கி எதிரே போனார்.

“கேட்டியா?”

“கேட்டேன்.”

“என்ன சொன்னா?”

“ஒண்ணும் சொல்லலை.”

“ஒண்ணுமா?”

“உங்கம்மாவை முதுகுக்குத் தலகாணி முட்டுக் கொடுத்து உக்கார வச்சுக் கஞ்சி ஊட்டிக்கிட்டிருந்தாங்க. நான் சொன்னதும் கரண்டி அப்படியே நின்னுச்சு. அப்புறம் மறுபடி ஊட்டுனாங்க.”

 அவர் கிளம்பும்போது அம்மா தானாக எழுந்து நடந்துகொண்டிருந்தாள்.

“அம்மா... படுக்கையிலேயா?”

“போன வருசத்திலேருந்து. அந்தம்மாதான் தூக்கிவிடுறது, குளிப்பாட்டுறது எல்லாம்.”

“கோவமா இருந்தாளா?”

“கஞ்சி ஊட்டுறவங்க முகத்துல நான் என்னத்தைக் கண்டேன்? விடாம இன்னொரு தடவையும் கேட்டேன் சாமி. ‘நண்டு என்ன விலை’ன்னாங்க.”

உத்திராபதி குடிசைக்கு வந்தார். சாமி கால் விரல் இடுக்கில் சேற்றை ஒரு குச்சியால் நோண்டிக்கொண்டிருந்தார்.

“அவள் பதிலே சொல்லவில்லை சாமி. பதில் சொல்லவில்லை என்றால் வராதே என்றுதானே அர்த்தம்?”

“அப்படியா?”

“வேறு என்ன அர்த்தம்? நான் போகலாமா, கூடாதா? நீங்களாவது சொல்லுங்கள்.”

சாமி அடுத்த விரலுக்குப் போனார்.

உத்திராபதிக்கு ஆத்திரம் வந்துவிட்டது. “நீங்களும் சொல்லமாட்டீர்கள். சரி. இந்த உலகத்தில் ஒருவரும் எனக்குப் பதில் சொல்ல வேண்டாம். நானும் இனி யாருக்கும் பதில் சொல்லப்போவதில்லை. இந்த நிமிஷத்திலிருந்து மௌன விரதம்.”

“நல்லது,” என்றார் சாமி. “கொசுவுக்கும் எனக்கும் நிம்மதி.”

மறுநாள் குடிக்கிற தண்ணீர் தீர்ந்துவிட்டது. அவ்வளவு தண்ணீருக்கு நடுவில் இருந்துகொண்டு குடிக்கிற தண்ணீருக்குக் கரைக்குத்தான் போக வேண்டும். அங்கே சாலையோரம் ஒரு அடிபம்பு இருந்தது. உத்திராபதி இரண்டு குடத்தில் ஒன்றைத் தோணியில் போட்டுக்கொண்டு வாயை இறுக்கி மூடிக்கொண்டு கிளம்பினார்.

விரதம் என்றால் விரதம். வளைவில் குரல் கொடுக்கவில்லை. முதல் வளைவு தப்பித்தது. அடுத்ததும் தப்பித்தது. உப்பு வியாபாரி நிற்கிற வளைவுக்கு வந்தபோது அந்தப் பக்கத்திலிருந்து, “ஓ... ஓய்!” என்று குரல் கேட்டது.

பதில் கொடுக்க வாயைத் திறந்தார். விரதம் நினைவுக்கு வந்தது. மூடிக்கொண்டார்.

மடார்!

அவருடைய தோணி வேரில் மோதி ஒரு பக்கமாகச் சாய்ந்தது. எதிரே வந்த தோணியிலிருந்து ஒரு கூடை பறந்து வந்து அவர் மடியில் கவிழ்ந்தது. கூடை நிறையக் கொடுக்குக் கட்டாத சேற்று நண்டு. இவருடைய குடம் தண்ணீரில் விழுந்து, வந்த வேலை முடிந்தது என்பது போல, கடலைப் பார்த்து மிதந்து போயிற்று.

“யார்றா அது? வாயில என்ன கொழுக்கட்டையா?” செங்கமலம் எழுந்து நின்றாள். “அட, நம்ம சின்னச்சாமி! தொண்டை கிழியக் கத்துனேனே, காது அவிஞ்சு போச்சா?”

உத்திராபதி உதட்டில் விரலை வைத்துக் காட்டினார். பிறகு இரண்டு கையையும் கூப்பினார்.

“என்ன இது, கோயில் செலை மாதிரி? விரதமா? உங்க விரதத்துல இடி விழ! எதுக்கால குரல் இல்லைன்னாத்தானே நான் வேகமா வருவேன்? ராத்தூக்கம் இல்லாமப் பிடிச்ச நண்டு சாமி, எல்லாம் போச்சு!”

அவள் சொன்னதில் முக்கால்வாசி இங்கே சொல்லத்தக்கதல்ல. உத்திராபதி கூப்பிய கையை எடுக்காமல் கேட்டுக்கொண்டிருந்தார். மடியிலிருந்த நண்டுகளில் ஒன்று நிதானமாக இறங்கி வந்தது. இடம் பார்த்தது. அவருடைய வலது கால் கட்டைவிரலைக் கவ்வியது.

“ஐயோ, தையலு!”

காட்டில் இருந்த கொக்கெல்லாம் எழும்பின.

செங்கமலம் திட்டுவதை நிறுத்திவிட்டாள்.  பிறகு குனிந்து அவருடைய காலைப் பிடித்துத் தண்ணீருக்குள் வைத்தாள்.

“இழுக்காதீங்க. இழுத்தா விரலோட வரும். தண்ணிய கண்டா அதுவா விட்டுரும்.”

நண்டு விட்டுவிட்டது. இருவரும் மீதி நண்டுகளைப் பொறுக்கிக் கூடையில் போட்டார்கள்.

“இதான் சாமி மழைக்கு முன்னாடி என் கடைசி நடை,” என்றாள் செங்கமலம், கழியை எடுத்துக்கொண்டே. “இனிமே தையிலதான். திரும்பவும் கேட்டுவான்னு சொன்னாலும் முடியாது.”

உத்திராபதி தோணியை வேருக்குள் ஒதுக்கினார். அவள் போய்விட்டாள்.

குடமும் இல்லாமல், தண்ணீரும் இல்லாமல், நொண்டிக்கொண்டு வந்தவரைச் சாமி ஏற இறங்கப் பார்த்தார்.

“விரதம்?”

“முடிந்துவிட்டது.”

“எந்த மந்திரம் சொல்லி முடித்தீர்?”

 உத்திராபதி உட்கார்ந்து கட்டைவிரலை ஊதிக்கொண்டார்.

விடிந்தபோது வடக்கு வானம் எருமை முதுகு போலக் கறுத்திருந்தது. சாமி மிச்சமிருந்த குடத்தை எடுத்துத் தோணியில் வைத்து, தோணியின் முன்பக்கம் போய் உட்கார்ந்துகொண்டார்.

“வாரும். நேற்றும் தண்ணீர் இல்லை. நாக்கு ஒட்டிக்கொண்டது. நீர் தள்ளும், நான் வேடிக்கை பார்க்கிறேன். வளைவில் குரல் கொடும், இன்னொரு நண்டுக்கு என்னிடம் விரல் இல்லை.”

உத்திராபதி கழியை ஊன்றினார். தண்ணீர் ஏறிக்கொண்டிருந்தது. சேற்றில் நடக்கிற மீன்கள் வேர் மேல் தொற்றி ஏறி, கண்ணை உருட்டி அவரைப் பார்த்துவிட்டுத் தண்ணீரில் குதித்தன. தில்லை மரத்தின் பழுத்த இலைகள் சிவப்புச் சிவப்பாக மிதந்து எதிரே வந்தன.

வளைவு வந்தது.

“ஓ... ஓய்!”

காது கொடுத்தார். இலையிலிருந்து தண்ணீர் சொட்டுகிற சத்தம். தோணியைத் தள்ளினார்.

அடுத்த வளைவு. “ஓ... ஓய்!”

எங்கோ ஒரு வக்கா இருமியது. தள்ளினார்.

உப்பு வியாபாரியின் வளைவில் சாமி அந்தக் கண்டல் மரத்தைப் பார்த்துத் தலையாட்டினார், தெரிந்தவரைப் பார்த்தால் ஆட்டுவது போல. மரம் நிறையக் காய்த்திருந்தது. காய்கள் கிளையிலேயே முளைவிட்டு நீளநீளமாகத் தொங்கின. உத்திராபதி குரல் கொடுத்தார். ஒன்றும் வரவில்லை. ஒரு காய் மட்டும் ‘தொபுக்’கென்று தண்ணீரில் விழுந்து, நிமிர்ந்து, வந்த வேகத்தில் மிதந்து போயிற்று. தள்ளினார்.

அதற்குப் பிறகு அவர் யோசிக்கவில்லை. வளைவு வந்தால் குரல், குரல் கொடுத்தால் காது, காதில் ஒன்றும் விழாவிட்டால் கழி. மழைக்கு முந்திய காட்டில் ஒரு தோணியும் இல்லை. தன் குரல் தனக்கு முன்னால் போய், யாரையும் பார்க்காமல், எங்கேயோ தொலைந்துபோவதைக் கேட்டுக்கொண்டே தள்ளிக்கொண்டு வந்தார்.

கரை வந்தது. உத்திராபதி இறங்கிப் போய் அடிபம்பில் தண்ணீர் அடித்தார். நிறைகுடத்தைத் தூக்கிவந்து தோணியில் வைத்தார். வைத்துவிட்டு நிமிர்ந்தபோது சாமி இடம் மாறிப் பின்பக்கம் நின்றிருந்தார். கழி சாமியின் கையில் இருந்தது.

தோணியில் ஏற உத்திராபதி காலைத் தூக்கினார். சாமி தோணியை ஒரு சாண் நகர்த்தினார். கால் தண்ணீரில் விழுந்தது.

“என்ன சாமி?”

“முந்தாநாள் என்னிடம் ஏதோ கேட்டீரே.”

உத்திராபதி கரையில் நின்றார். அவருக்குப் பின்னால் சாலை. சாலையில் அவருடைய ஊர் பஸ் வரும்.

“போகலாமா, கூடாதா என்று கேட்டேன். ஆள் விட்டுக் கேட்டும் அவள் பதில் சொல்லவில்லை.”

“திட்டிலிருந்து இங்கே எத்தனை வளைவு?”

“எண்ணவில்லை. நிறைய இருந்தது.”

“எல்லாவற்றிலும் குரல் கொடுத்தீரா?”

“கொடுத்தேன்.”

“எதில் பதில் வந்தது?”

“ஒன்றிலும் வரவில்லை.”

“பின்னே எப்படி ஐயா இங்கே வந்து சேர்ந்தீர்?”

 முதல் தூறல் விழுந்தது. குடத்துத் தண்ணீரில் ஒரு சொட்டு, உத்திராபதியின் மொட்டைத் தலையில் ஒரு சொட்டு.

தலையைத் துடைத்துக்கொண்டு கேட்டார்.

“வாசலில் போய் நின்ற பிறகு அவள் குரல் கொடுத்தால்? எதற்கு வந்தாய் என்று கேட்டால்?”

“அது சுமையோடு வருகிற தோணி,” என்றார் சாமி. “வெறுந்தோணி எங்கே நிற்க வேண்டும் என்று உமக்கு முதல் நாளே சொன்னேன்.”

கழியை ஊன்றினார். தோணி கரையை விட்டுப் போயிற்று. நாற்பது வயது முதுகு ஒன்று தூறலுக்குள் சின்னதாகிக்கொண்டே போய், வேர்களுக்கு நடுவே மறைந்தது.

கொஞ்சம் பொறுத்து முதல் வளைவிலிருந்து சாமியின் குரல் வந்தது.

“ஓ... ஓய்!”

பதில் கொடுக்க உத்திராபதி வாயைத் திறந்தார்.

மூடிக்கொண்டார்.

காட்டுக்குள் கழி தண்ணீரில் விழுகிற சத்தம் மறுபடி கேட்டது. அவர் சாலையைப் பார்த்து நடந்தார்.